திருவாதிரைக் களி

திருவாதிரைக் களி என்பது மார்கழி மாதத் திருவாதிரை நாளில் தமிழர் இல்லங்களிலும் சிவன் கோயில்களிலும் செய்து படைக்கப்படும் ஓர் இனிப்பு உணவு ஆகும். வறுத்து உடைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய், நெய், ஏலக்காய் ஆகியவை இதன் முதன்மைப் பொருட்கள். கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில் உள்ள நடராசர் கோயிலின் ஆருத்திரா தரிசன விழாவுடனும், சேந்தனார் என்னும் சிவனடியாரின் கதையுடனும் இவ்வுணவு இணைத்துப் பேசப்படுகிறது.

வேறு எதுவும் இல்லாத நாளில் ஒரு விறகுவெட்டியின் வீட்டில் ஆக்கப்பட்டது என்று கதை சொல்லும் இக்களி, இன்று நெய்யும் முந்திரியும் நிறைந்த விழாப் பண்டமாக இருக்கிறது. கதையில் உள்ள களியும் இன்று உண்ணப்படும் களியும் ஒன்றாக இருந்திருக்க முடியாது என்பதைப் பொருட்களைக் கொண்டே அறியலாம்.

பெயர்

களி என்பது மாவையோ நொய்யையோ கொதிநீரில் இட்டுக் கிளறி ஆக்கும் உணவுகளுக்குரிய பொதுப்பெயர். கேழ்வரகுக் களி, கம்பங்களி, உளுந்தங்களி, வெந்தயக் களி எனப் பல வகைகள் உண்டு. இவை பெரும்பாலும் உருட்டி எடுக்கும் பதத்தில் ஒன்றாகத் திரண்டு நிற்பவை. திருவாதிரைக் களி அவ்வாறு திரளாமல் பொலபொலவென்று உதிர வேண்டும். தோற்றத்தில் இது களியை விட ரவை உப்புமாவிற்கே நெருக்கமானது. பெயர் மட்டும் பழைய வடிவத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது எனலாம்.

களி என்ற சொல்லுக்கு மகிழ்ச்சி என்ற பொருளும் உண்டு. நடராசரின் ஆனந்தத் தாண்டவத்தைக் கண்டு களிக்கும் நாளில் களி உண்ணப்படுகிறது என்று இதனை விளக்குவோர் உளர். கேட்க இனிமையானதாயினும் இது பெயரைக் கொண்டு பின்னர் அமைத்த விளக்கமாகவே தோன்றுகிறது. பேச்சுவழக்கில் 'களி தின்பது' என்றால் சிறைக்குச் செல்வது என்று பொருள். சிறைகளில் களி வழங்கப்பட்டதால் வந்த வழக்கு இது. விழா உணவின் பெயரும் சிறை உணவின் பெயரும் ஒன்றாக இருப்பது, களி அடிப்படையில் எளியோர் உணவு என்பதையே காட்டுகிறது.

திருவாதிரை நாள்

திருவாதிரை அல்லது ஆதிரை என்பது 27 நாண்மீன்களுள் ஆறாவது. வடமொழியில் ஆர்த்திரா எனப்படும். தமிழில் வழங்கும் ஆருத்திரா என்ற வடிவம் அதிலிருந்து வந்தது. வானியலில் இது ஓரியன் விண்மீன் கூட்டத்தில் செந்நிறமாகத் தெரியும் பெட்டல்கியூசு என்ற விண்மீனாக அடையாளம் காணப்படுகிறது. மார்கழியில் ஞாயிறு தனுசு இராசியில் இருக்கும். முழுநிலவு ஞாயிற்றுக்கு நேர் எதிரே நிற்பதால் அம்மாதத்தில் அது மிதுன இராசியில், அதாவது ஆதிரை மீனின் பக்கத்தில், காணப்படும். இதனால்தான் மார்கழித் திருவாதிரை முழுநிலவு நாளிலோ அதை ஒட்டியோ வருகிறது.

ஆங்கில நாட்காட்டிப்படி இந்நாள் திசம்பர் நடுவிலிருந்து சனவரி நடுவிற்குள் அமையும். எனவே ஓர் ஆங்கில ஆண்டில் இருமுறை வருவதும் ஒரு முறையும் வராமல் போவதும் உண்டு. 2023 ஆம் ஆண்டில் சனவரி 6, திசம்பர் 27 ஆகிய இரு நாட்களில் வந்தது. 2024 ஆம் ஆண்டில் வரவில்லை. அடுத்த திருவாதிரை 2025 சனவரி 13 அன்று, போகிப் பண்டிகையோடு சேர்ந்து வந்தது.

சேந்தனார் கதை

மரபுக் கதையின்படி சேந்தனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரான பட்டினத்தாரிடம் கணக்கராக இருந்தவர். பட்டினத்தார் துறவு பூண்டபோது அவருடைய செல்வத்தை எவரும் எடுத்துக்கொள்ளுமாறு திறந்துவிட்டதற்காக அரசனால் சிறை வைக்கப்பட்டார். பின்னர் விடுதலை பெற்று, மனைவியுடன் தில்லைக்கு வந்து, விறகு வெட்டி விற்றுப் பிழைத்தார். நாள்தோறும் ஓர் அடியவருக்காவது உணவளித்த பின்னரே தாம் உண்பது அவருடைய நோன்பு.

ஒருநாள் அடைமழை. விறகு நனைந்துவிட்டதால் விற்பனையாகவில்லை, அரிசி வாங்கக் காசும் இல்லை. வீட்டில் இருந்த மாவைக் கொண்டு மனைவி களி கிண்டினார். அடியவர் எவரும் வராமல் நேரம் கடந்தபின் முதியவர் ஒருவர் வந்து அக்களியை உண்டு, எஞ்சியதையும் கட்டி எடுத்துச் சென்றார். மறுநாள் காலை கோயிலைத் திறந்த தீட்சிதர்கள் கருவறையில் களி சிதறிக் கிடப்பதைக் கண்டனர். அரசன் கனவிலும் சேந்தனார் வீட்டுக் களி பற்றிய செய்தி தெரிவிக்கப்பட்டிருந்தது.

அன்று தேர்த் திருநாள். மழையில் ஊறிய வீதியில் தேர்ச் சக்கரம் புதைந்து நின்றது. பலர் சேர்ந்து இழுத்தும் நகரவில்லை. கூட்டத்தில் நின்ற சேந்தனார் பல்லாண்டு பாட, தேர் நகர்ந்தது. அதன் பின்னரே அவர் யார் என்பதை அரசன் அறிந்தான் என்று கதை முடிகிறது.

இக்கதை சொல்வோருக்கேற்பச் சற்றே மாறுபடும். மாவு அரிசி மாவு என்று பலரும் கேழ்வரகு மாவு என்று சிலரும் கூறுவர். அரசன் கண்டராதித்த சோழன் என்பது ஒரு வழக்கு. எல்லா வடிவங்களிலும் மாறாமல் இருப்பது மழை. விறகு விற்காமல் போனதற்கும் தேர் நின்றதற்கும் மழையே காரணம். கடலூர் மாவட்டத்தின் தட்பவெப்பத்தை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்கிறது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலை அடையும் தாழ்நிலம் இது. அன்றாடக் கூலியை நம்பி இருக்கும் வீடுகளில் தொடர்மழை நாட்களில் அடுப்பு எரியாமல் போவது கதையில் மட்டும் நிகழ்வதன்று. 2015 ஆம் ஆண்டு நவம்பர், திசம்பர் மாத வெள்ளத்தில் இம்மாவட்டம் கடும் பாதிப்புக்குள்ளானது.

இலக்கியச் சான்றுகள்

ஆதிரை நாள் விழா மிகப் பழையது. மார்கழி ஆதிரையை ஒட்டிய நீராடலைப் பரிபாடலின் பதினோராம் பாடல் குறிப்பிடுகிறது. கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் அப்பர் திருவாரூரின் திருவாதிரை விழாவை ஒரு முழுப் பதிகத்தில் பாடியுள்ளார். சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்திலும் இவ்விழா இடம்பெறுகிறது.

சேந்தனார் பாடல்கள் ஒன்பதாம் திருமுறையில் உள்ளன. ஒன்பது ஆசிரியர்களின் 301 பாடல்களைக் கொண்ட அத்திருமுறையில், திருவீழிமிழலை, திருவாவடுதுறை, திருவிடைக்கழி ஆகிய தலங்களைப் பற்றிய திருவிசைப்பாப் பதிகங்களும், 13 பாடல்கள் கொண்ட திருப்பல்லாண்டும் இவருடையவை. திருப்பல்லாண்டு தில்லையைப் பாடுகிறது. ஆதிரை நாளில் கூடும் கூட்டத்தையும் பாடுகிறது. ஆனால் களியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தேர் நின்ற செய்தியும் இல்லை. உணவு பற்றி அதில் வருவது வேறொரு கதை. பாலுக்கு அழுத குழந்தைக்குப் பாற்கடலையே ஈந்தது, அதாவது உபமன்யு முனிவர் கதை, அங்கே குறிப்பிடப்படுகிறது.

ஆகவே களிக் கதை பாடலிலிருந்து பிறந்ததன்று. பாடல், திருநாள், எளியோர் உணவு ஆகிய மூன்றையும் இணைத்துப் பிற்காலத்தில் வாய்மொழியாக வளர்ந்ததாக இதனைக் கொள்வது பொருத்தமானது. களி உண்ணும் வழக்கம் முதலில் இருந்து, அதற்குக் காரணம் கூறும் வகையில் கதை அமைந்திருக்கவும் கூடும்.

சிதம்பரத்தில் திருவாதிரை

சிதம்பரம் கோயிலில் மார்கழி விழா கொடியேற்றத்துடன் தொடங்கிப் பத்து நாட்கள் நடைபெறும். பிற கோயில்களில் திருவீதிக்கென்று தனியே உற்சவத் திருமேனி இருக்கும். இங்கு மூலவராகிய நடராசரே சிற்சபையை விட்டு வெளியே வந்து தேரில் ஏறுகிறார். இது ஆண்டிற்கு இருமுறை, மார்கழித் திருவாதிரையின்போதும் ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மட்டும் நிகழும். விநாயகர், முருகன், நடராசர், சிவகாமியம்மன், சண்டிகேசுவரர் ஆகியோருக்கு ஐந்து தேர்கள் நான்கு தேர் வீதிகளிலும் வலம் வரும்.

தேர்த் திருநாளின் இரவு நடராசரும் சிவகாமியம்மனும் ஆயிரங்கால் மண்டபமாகிய இராசசபையில் எழுந்தருள்வர். மறுநாள் விடியலுக்கு முன் அங்கு பெரிய அளவில் திருமுழுக்கு நடைபெறும். அன்று பிற்பகல் அவர்கள் மீண்டும் சிற்சபைக்குத் திரும்பும் காட்சியே தரிசனம் எனப்படுகிறது. களி அன்றைய படையல்களுள் ஒன்று. ஊரில் வீடுகள்தோறும் காலையிலேயே களி கிளறிப் படைத்து அண்டை வீடுகளுக்கும் கொடுப்பர். திருவாதிரையன்று ஒரு வாய்க் களியாவது உண்ணாதவருக்கு நரகம் என்று அச்சுறுத்தும் பழமொழியும் வழக்கில் உண்டு. விருந்தோம்பலை மறுப்பவரை இணங்கச் செய்ய இப்பழமொழி நன்றாகப் பயன்படுகிறது.

2004 ஆம் ஆண்டில் திருவாதிரை விழாக்காலத்து முழுநிலவு நாளான திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டக் கடற்கரையைத் தாக்கியது. மாவட்டத்தில் 600 பேருக்கும் மேல் இறந்தனர். சிதம்பரத்திற்குக் கிழக்கே கிள்ளைப் பகுதியின் கடலோர ஊர்களும் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினமும் பெரும் இழப்பைச் சந்தித்தன.

பொருட்களின் வரலாறு

அரிசி: சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களின் நெல்வயல்கள் வீராணம் ஏரியின் பாசனத்தைப் பெறுபவை. இவ்வேரி முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 10 ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டது. மார்கழியில் சம்பா நெல் இன்னும் வயலில் நிற்கும். அறுவடை தையில் தொடங்கும். ஆகவே திருவாதிரைக்கு வீட்டில் இருப்பது பழைய அரிசி. சில நாட்களில் வரும் பொங்கலுக்கோ புத்தரிசி. பழைய அரிசி நீரை மிகுதியாக உறிஞ்சும், குழையாது. புத்தரிசி எளிதில் குழையும். களி உதிர்வதும் பொங்கல் குழைவதும் சுவை விருப்பத்தால் மட்டும் அமைந்தவை அல்ல, அந்தந்த நாளில் குதிரில் இருந்த அரிசிக்கும் அவற்றில் பங்குண்டு.

வெல்லம்: கரும்பு இம்மாவட்டத்தின் முக்கியப் பயிர்களுள் ஒன்று. கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே நெல்லிக்குப்பத்தில் 1842 இல் தொடங்கப்பட்ட பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இந்தியாவின் மிகப் பழைய ஆலைகளுள் ஒன்று. எனினும் களிக்கு வெள்ளைச் சர்க்கரை பயன்படுவதில்லை. கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய வெல்லமே தேவை. விற்பனைக்கு வரும் வெல்லம் பளபளப்பான மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் சோடியம் ஐதரோசல்பைட்டு போன்ற கந்தகச் சேர்மங்களால் வெளுக்கப்பட்டது. கரும்பழுப்பு வெல்லமே களிக்கு நிறமும் மணமும் தரும்.

முந்திரி: பண்ணுருட்டியைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டு நிலங்கள் தமிழ்நாட்டில் முந்திரிக்குப் பெயர் பெற்றவை. ஆனால் முந்திரி மரம் பிரேசில் நாட்டிற்கு உரியது. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. எனவே 10 ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்ததாகக் கருதப்படும் சேந்தனாரின் களியில் முந்திரி இருந்திருக்க வாய்ப்பே இல்லை. நெய்யும் மலைநாட்டு ஏலக்காயும் விறகுவெட்டியின் வீட்டில் மழைநாளில் இருந்திருக்கும் என்பதும் நம்பத்தக்கதன்று. 2011 திசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இப்பகுதியின் முந்திரி, பலா மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. அவ்வாண்டின் திருவாதிரைக்குச் சில நாட்களே இருந்தன. புதிதாக நட்ட முந்திரி பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், அதன் விளைவு தொடர்ந்த ஆண்டுகளிலும் நீடித்தது.

செய்முறை

நான்கைந்து பேருக்குப் போதுமான அளவு: பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம், வெல்லம் 200 முதல் 250 கிராம், நீர் 600 மில்லிலீட்டர், துருவிய தேங்காய் அரை மூடி, நெய் 60 கிராம், முந்திரி 15, ஏலக்காய் 4, உப்பு ஒரு சிட்டிகை. சில வீடுகளில் சிறிது சுக்குப் பொடியும் சேர்ப்பதுண்டு.

அடி கனத்த வாணலியில் அரிசியை மிதமான தீயில் இளம்பொன்னிறம் வரும்வரை வறுக்க வேண்டும். மணம் எழுவதும் அரிசி சற்றுப் பொரிந்தாற்போல் தோன்றுவதும் பதத்திற்கு அடையாளம். பாசிப்பருப்பைத் தனியே வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் பருப்பு முந்திக் கருகும். இரண்டும் நன்கு ஆறியபின் ரவைப் பதத்திற்கு உடைத்துச் சலித்து, மெல்லிய மாவை நீக்கிவிட வேண்டும். இந்த மாவே பின்னர் கட்டி விழுவதற்கும் களி பசையாவதற்கும் காரணமாகிறது.

வெல்லத்தை நீரில் கரைத்து வடிகட்டுவது கட்டாயம். மண்ணும் கரும்புச் சக்கையும் அதில் இருக்கும். வடித்த வெல்லநீர் கொதித்ததும் தேங்காய், ஏலக்காய்ப் பொடி, உப்பு, ஒரு கரண்டி நெய் ஆகியவற்றை இட்டு, தீயைக் குறைத்து, ரவையைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். நீர் பெரும்பாலும் வற்றியதும் மூடியிட்டுத் தணலில் வைத்துப் புழுக்குவது பழைய முறை. முன்னர் வெண்கலப் பானையில் செய்தனர். இன்று பலர் கலவையை ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் குக்கரிலோ இட்லிப் பானையிலோ 10 முதல் 15 நிமிடம் ஆவியில் வேகவைக்கின்றனர். அடிப்பிடிக்கும் அச்சம் இதில் இல்லை. இறக்கியபின் கரண்டிக் காம்பால் மெதுவாகக் கிளறி உதிர்த்து, நெய்யில் வறுத்த முந்திரியை மீதி நெய்யோடு சேர்க்க வேண்டும். கரண்டியின் அகன்ற பக்கத்தால் அழுத்திக் கிளறினால் பருக்கைகள் நசுங்கிவிடும்.

உதிர்தலும் மென்மையும்

நல்ல களி உதிரவும் வேண்டும், வாயில் மென்மையாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணான பண்புகள். எனவே களி கெட்டுப்போவதற்கு வழிகள் பல.

அரிசியின் மாப்பொருள் ஏறத்தாழ 65 முதல் 75 பாகை செல்சியசு வெப்பத்தில் நீரை உறிஞ்சி உப்பி மென்மையாகிறது. வெல்லத்தில் உள்ள சர்க்கரை அந்த நீருக்காக மாப்பொருளோடு போட்டியிடுகிறது. வெல்லக் கரைசல் எவ்வளவு கெட்டியாக உள்ளதோ அவ்வளவு உயர்ந்த வெப்பமும் கூடுதல் நேரமும் அரிசி வேகத் தேவைப்படும். பாகுப் பதம் வந்த வெல்லத்தில் ரவையை இட்டால் அது எவ்வளவு நேரம் ஆனாலும் நறுக்கென்றே இருக்கும். புதிதாகச் செய்வோருக்குக் களி கல்லாகிப் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம். நீரைத் தாராளமாக விட்டு, நீர்த்த கரைசலில் வேகவிடுவது ஒரு தீர்வு. வெறும் நீரில் ரவையை முக்கால் பதம் வேகவைத்துப் பின்னர் கெட்டிப் பாகைச் சேர்ப்பது மற்றொன்று. முதல் முறையில் பருக்கைகள் தனித்தனியே நிற்கும். இரண்டாவது முறையில் களி மிகுந்த மென்மை பெறும், சற்றுக் குழையவும் செய்யும்.

அரிசியை வறுப்பது மணத்திற்காக மட்டும் அன்று. வறுக்கும்போது மேற்பரப்பின் மாப்பொருள் ஓரளவு சிதைந்து, ஒட்டும் தன்மையை இழக்கிறது. நெய் ஒவ்வொரு பருக்கையின் மீதும் மெல்லிய படலமாகப் படிந்து அவற்றைப் பிரித்து வைக்கிறது. ஆறும்போது மாப்பொருள் மீண்டும் இறுகத் தொடங்கும். மறுநாள் களி விறைத்துப்போவது இதனால்தான். சிறிது நீர் தெளித்து ஆவியில் சூடாக்கினால் மென்மை திரும்பும். தேங்காய் சேர்ந்திருப்பதால் அதற்கு மேல் வைத்திருப்பது உகந்ததன்று.

இதே பருவத்தில் ஐரோப்பாவில் கிறித்துமசுக்காகச் செய்யப்படும் இஞ்சி ரொட்டியை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். அதுவும் நறுமணப் பொருட்களும் சுத்திகரிக்கப்படாத இனிப்பும் சேர்ந்த குளிர்காலப் பண்டம். செருமனியின் நியூரம்பர்கு நகரம் இதன் ஒரு வகையான லேப்கூகனுக்குப் பெயர் பெற்றது. 1643 இலேயே அங்கு இதனைச் சுடுவோருக்கெனத் தனிச் சங்கம் இருந்தது. தேனோ கரும்பின் கழிவுப்பாகோ சேர்த்த இஞ்சி ரொட்டி பல நாட்கள் மென்மையாக இருப்பதற்குக் காரணம், அவற்றில் உள்ள குளுக்கோசு, பிரக்டோசு ஆகிய எளிய சர்க்கரைகள். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும் இயல்புடையவை. வெல்லத்திலும் இவை உள்ளன. களியை வெள்ளைச் சர்க்கரையில் செய்தால் விரைவில் விறைத்துப்போவதற்கும் வெல்லத்தில் செய்தால் மாலை வரை மென்மையாக இருப்பதற்கும் இதில் விளக்கம் கிடைக்கிறது. இஞ்சி ரொட்டியில் சமையல் சோடா கழிவுப்பாகின் அமிலத்தோடு வினைபுரிந்து வெளியிடும் கரியமில வளி மாவை உப்பச் செய்கிறது. களியில் அத்தகைய வினை எதுவும் இல்லை. உப்புவது அரிசி மணிதான்.

ஐரோப்பிய மொழிகளில் இஞ்சிக்கு வழங்கும் பெயர் இலத்தீன், கிரேக்கம், பாளி வழியாகத் திராவிட மொழிகளின் 'இஞ்சி', 'வேர்' என்ற சொற்களிலிருந்து சென்றது என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். அந்த ரொட்டியின் பெயரிலேயே இஞ்சி இருக்க, இஞ்சியின் பெயர் பிறந்த நிலத்துக் களியில் அது சில வீடுகளில் சுக்காக மட்டுமே இடம்பெறுகிறது. தமிழர் விழா உணவுகளில் இஞ்சிக்கு உரிய இடம் தீபாவளி இலேகியத்தில் உள்ளது.

திருவாதிரைக் குழம்பு

களியோடு காய்கறிக் குழம்பு ஒன்றும் பரிமாறப்படும். திருவாதிரைக் குழம்பு, ஏழுகறிக் குழம்பு, தாளகக் குழம்பு எனப் பல பெயர்களில் இது வழங்குகிறது. பூசணி, பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி முதலிய நாட்டுக் காய்களையும் கிழங்குகளையும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் எடுத்துக்கொள்வது வழக்கம். துவரம்பருப்பு, புளி, வறுத்தரைத்த மல்லி, மிளகாய், தேங்காய் ஆகியவை சேரும். தாளகத்தில் எள்ளும் அரைத்துவிடப்படும். இனிப்போடு காரக் குழம்பைச் சேர்த்து உண்பது முதன்முறை காண்பவருக்கு விந்தையாகத் தோன்றலாம். களியின் திகட்டலைப் புளிப்பும் காரமும் நீக்குவதால் இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன. மார்கழி, தை மாதங்களில் கிடைக்கும் காய்கள் அனைத்தும் ஒரே குழம்பில் இடம்பெறுவதால், அந்தப் பருவத்து விளைச்சலின் பட்டியலாகவும் இதனைக் கொள்ளலாம்.

பிற இடங்களில்

தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வாழும் தமிழரிடையேயும் திருவாதிரை கொண்டாடப்படுகிறது. இதற்கு முந்திய நாட்களில் கோயில்களில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை ஓதப்படும். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் உட்பட நடராசர் திருமேனி உள்ள பெரும்பாலான கோயில்களில் அன்று சிறப்பு வழிபாடு உண்டு.

கேரளத்தில் அதே நாள் தனு மாதத் திருவாதிரையாகப் பெண்களால் நோன்பிருந்து கொண்டாடப்படுகிறது. அங்கு களி என்பது ஆட்டத்தைக் குறிக்கும் சொல். திருவாதிரைக்களி என்றால் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி ஆடும் ஆட்டம். உணவாக அங்கு இடம்பெறுவன கிழங்குகளும் பயறும் சேர்த்து வேகவைத்த திருவாதிரைப் புழுக்கும், கூவைக்கிழங்கு மாவில் செய்யும் பாயசமும் ஆகும். கேரளத்து நண்பரிடம் திருவாதிரைக் களி உண்டீர்களா என்று கேட்பதற்கு முன் இதனை நினைவில் கொள்வது நல்லது.